தராசைப் பிடித்திருக்கும் கை யாருடையது?



இன்றைய ஜும்ஆவில் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். குற்றம் செய்தவன் ஆட்சியாளரின் ஆளாக இருந்தால் அவன் மீது வழக்கு நடத்துவது யார்? அவனை மன்னிப்பது யார்?

சட்டப்படி அரசு வழக்கறிஞரை நியமிப்பது அரசு. தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் அரசியலமைப்பின் 72ஆம் பிரிவில் குடியரசுத் தலைவருக்கும், 161ஆம் பிரிவில் ஆளுநருக்கும் இருக்கிறது. இருவரும் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆக, சிறையைப் பூட்டும் சாவியும் திறக்கும் சாவியும் ஒரே கொத்தில் தொங்குகின்றன. கொத்து யார் கையில் இருக்கிறதோ, அவர் அல்லாஹ்வை அஞ்சுபவராக இல்லாவிட்டால் என்ன ஆகும்?

நம் ஊர் கண்ட வழக்குகள்

இதற்குத் தூரத்தில் உதாரணம் தேட வேண்டாம். 2000 பிப்ரவரி 2 அன்று, கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை என்று செய்தி வந்தது. அவரது கட்சியினர் மறியலில் இறங்கினார்கள். நம் தர்மபுரி இலக்கியம்பட்டியில், சுற்றுலா முடித்துத் திரும்பிய வேளாண் பல்கலைக்கழகப் பேருந்துக்குத் தீ வைக்கப்பட்டது. மூன்று மாணவிகள் உயிரோடு எரிந்து போனார்கள். அந்தத் தீர்ப்புக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

2001இல் ஆட்சி மாறியது. கிருஷ்ணகிரி நீதிமன்றத்தில் விசாரணை நடந்தபோது சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராகப் பிறழ்ந்தார்கள். மகளை இழந்த ஒரு தகப்பனார் உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். அதன் பிறகே வழக்கு சேலத்துக்கு மாற்றப்பட்டு, சிறப்பு அரசு வழக்கறிஞருடன் மறுவிசாரணை நடந்தது. 2007இல் மூவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 2016இல் உச்ச நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது. 2018 நவம்பரில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி, அதே கட்சியின் அரசு பரிந்துரைக்க, ஆளுநர் ஒப்புதல் தர, மூவரும் விடுதலையானார்கள்.

அரூர் பக்கம் வாச்சாத்தியை எண்ணிப் பாருங்கள். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடி வந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் ஒரு பழங்குடி ஊரையே சூறையாடினார்கள். 18 பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டார்கள். குற்றம் செய்தவர்கள் அரசின் ஊழியர்கள். விசாரிக்க வேண்டியதும் அரசு. உயர் நீதிமன்றம் தலையிட்டு 1995இல் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்ட பிறகே வழக்கு நகர்ந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011இல் தீர்ப்பு வந்தபோது அவர்களில் 54 பேர் இறந்து போயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நடந்ததற்கும் முதல் தீர்ப்புக்கும் இடையே 19 ஆண்டுகள்!

உலகத்தின் பெரிய வல்லரசிலும் இதே கதைதான். 1973 அக்டோபரில் அமெரிக்க அதிபர் நிக்சன், தன்னை விசாரித்துக்கொண்டிருந்த சிறப்பு வழக்கறிஞரைப் பதவி நீக்கச் சொன்னார். சட்டத்துறைத் தலைவர் ரிச்சர்ட்சன் அதைச் செய்ய மறுத்து ராஜினாமா செய்தார். அடுத்த நிலையில் இருந்தவரும் மறுத்தார். மூன்றாமவர் செய்து முடித்தார். உத்தரவு ஒன்றுதான், அதற்குப் பணிந்தவரும் உண்டு, பதவியை உதறியவர்களும் உண்டு. சட்டப் புத்தகம் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தும், பிடிக்கும் கையைப் பொறுத்தே தராசு நிற்கிறது.

நபியவர்கள் முகம் மாறிய இடம்

மக்ஸூம் குலத்துப் பெண் ஒருத்தி திருடிவிட்டாள். மேட்டுக்குடிப் பெண். குறைஷிகளுக்குக் கவலை வந்தது. நபி (ஸல்) அவர்களிடம் பேசும் துணிச்சல் யாருக்கு உண்டு என்று யோசித்து, அவர்களின் அன்புக்குரிய உஸாமா (ரலி) அவர்களை அனுப்பினார்கள். நபியவர்களின் முகம் மாறிவிட்டது. அல்லாஹ்வின் சட்டத்திலா சிபாரிசு என்று கேட்டார்கள். உயர்ந்தவன் திருடினால் விட்டுவிடுவதும், எளியவன் திருடினால் தண்டிப்பதும்தான் முன்னோரை அழித்தது என்றார்கள். தம் மகள் ஃபாத்திமாவே செய்திருந்தாலும் தீர்ப்பு மாறாது என்று சத்தியமிட்டுச் சொன்னார்கள் (புகாரி 3475).

இங்கே கவனியுங்கள். ஆட்சியும் அவர்கள் கையில், தீர்ப்பும் அவர்கள் கையில். கேட்டு வந்தவரோ பிள்ளையைப் போன்றவர். மறுப்பதற்கு அவர்களைக் கட்டாயப்படுத்த பூமியில் எவரும் இல்லை. அப்படியிருந்தும் அந்த அதிகாரத்தைத் தம் சொந்த உடைமையாக அவர்கள் பார்க்கவில்லை, அமானிதமாகப் பார்த்தார்கள்.

மன்னிப்பது நல்லதுதானே?

உங்களில் ஒருவர் கேட்கலாம்: "ஹழ்ரத், மன்னிப்பதை மார்க்கம் புகழ்கிறதே! சிறையில் இருப்பவனை விடுவிப்பது ரஹ்மத் இல்லையா?"

நியாயமான கேள்வி. மன்னிப்பு உயர்ந்த குணம்தான். ஆனால் யாருடைய காயத்தை யார் மன்னிப்பது? கொலைக் குற்றத்தில் மன்னிக்கும் உரிமையைக் கொல்லப்பட்டவரின் வாரிசுகளுக்கு மார்க்கம் தருகிறது (அல்குர்ஆன் 2:178, 17:33 வசனங்களின் கருத்து). என் சட்டைப்பையில் இருப்பதை நான் தர்மம் செய்தால் அது ஸதகா. பக்கத்து வீட்டுக்காரரின் பணத்தை எடுத்து நான் தர்மம் செய்தால் அதற்கு வேறு பெயர். மகளைக் கரிக்கட்டையாகப் பார்த்த தாயிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தரப்படும் மன்னிப்பு எந்த வகை என்று நீங்களே சிந்தியுங்கள்.

இன்னொருவர் சொல்லலாம்: "மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அரசுக்கு இந்த அதிகாரம்கூட இல்லையென்றால், கேள்வி கேட்க ஆளில்லாத அதிகாரிகள் அல்லவா நாட்டை ஆள்வார்கள்?" இதிலும் உண்மை இருக்கிறது. தவறான தீர்ப்பில் சிக்கியவனுக்கும், சிறையில் முதுமையும் நோயும் கண்டவனுக்கும் கருணையின் வாசல் திறந்திருக்கத்தான் வேண்டும். அதிகாரம் இருப்பதில் தவறில்லை. தன் ஆளுக்காக அதைத் திருப்புவதில்தான் தவறு. 2006இல் ஆந்திரக் கட்சிக்காரர் ஒருவரின் தண்டனைக் குறைப்பை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், மன்னிப்புக்குக் கட்சியோ சாதியோ மதமோ அளவுகோல் ஆகக் கூடாது என்றது.

நமக்கும் அதே அளவுகோல்

பில்கீஸ் பானு வழக்கின் 11 குற்றவாளிகள் 2022 ஆகஸ்ட் 15 அன்று விடுவிக்கப்பட்டபோது நம் நெஞ்சம் கொதித்தது. 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தபோது அல்ஹம்து லில்லாஹ் என்றோம். சரிதான். ஆனால் இலக்கியம்பட்டியில் எரிந்த பிள்ளைகளுக்காகவும், வாச்சாத்திப் பெண்களுக்காகவும் அதே நெஞ்சம் கொதித்ததா? நமக்கு வலித்தால் மட்டும் நீதி கேட்பது நீதியின் மீதுள்ள பற்று ஆகாது. உங்களுக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்பது இறைக்கட்டளையின் கருத்து (4:135).

நம் மஹல்லாவுக்கு வருவோம். ஜமாஅத்தில் ஒரு தலாக் விவகாரமோ வாடகைத் தகராறோ வருகிறது. ஒரு தரப்பு முத்தவல்லியின் சொந்தக்காரர். அப்போது முத்தவல்லி அந்த அமர்விலிருந்து எழுந்து வெளியே போகிறாரா? வசதியானவரின் மகன் வண்டியை ஏற்றிவிட்டான். அடிபட்டவரின் வீட்டில் போய் உட்கார்ந்து, "பெரிய இடம்மா, பேசி முடிச்சுக்கலாம்" என்று அந்த விதவைத் தாயை நெருக்குபவர்கள் யார்? சமாதானம் செய்துவைப்பது சுன்னத். பயமுறுத்தி வாங்கும் சமாதானம் அநீதி. கண்ணால் பார்த்ததைக் கோர்ட்டில் "ஞாபகமில்லை" என்று சொல்பவர், சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்தில் இருக்கிறது என்ற எச்சரிக்கையை (2:283) அஞ்சிக்கொள்ளட்டும். கிருஷ்ணகிரியில் பிறழ்ந்தவர்களும் பெரிய அதிகாரிகள் அல்லர். நம்மைப் போல் யாருக்கோ பயந்த மனிதர்கள்தாம்.

சகோதரர்களே! ஆட்சியாளரின் கையை நம்மால் பிடிக்க முடியாமல் போகலாம். நம் கையில் உள்ள சிறிய தராசு, ஒரு சாட்சி, ஒரு பஞ்சாயத்து, ஒரு ஓட்டு, அதற்கு மறுமையில் நாம்தான் கணக்குச் சொல்ல வேண்டும். அங்கே நமக்காக வழக்கை வாபஸ் வாங்க எந்த அரசு வழக்கறிஞரும் வரமாட்டார்.

நீதியை நிலைநாட்டுபவர்களாகவும், அநீதிக்கு ஆளானவரின் பக்கம் அஞ்சாமல் நிற்பவர்களாகவும் வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.