நாலாவது ஆள்

தமிழில் 'நாலு பேர்' என்பது எண்ணிக்கை அல்ல. நாலு பேர் மதிக்கிற மாதிரி வாழணும், நாலு பேருக்கு நல்லது செய்யணும், நாலு பேர் என்ன சொல்லுவாங்க என்றெல்லாம் சொல்கிறோம். கடைசியில் தூக்கிக்கொண்டு போகவும் நாலு பேர் வேண்டும். அந்தக் கடைசி நாலு பேருக்கு மட்டும்தான் முகம் உண்டு, பாடையின் ஒவ்வொரு முனைக்கும் ஒரு ஆள். மற்றவர்கள் யார் என்று யாரும் கேட்டதில்லை.

இந்தக் கவலைக்கு நண்பர்கள் சொல்லும் வழக்கமான ஆறுதல், "உன்னை யாருமே கவனிக்கல, விடு" என்பது. அதற்கு ஓர் ஆய்வும் இருக்கிறது. 2000இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் வெளியிட்டது. பாடகர் பேரி மேனிலோவின் முகம் அச்சிட்ட டீ-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டிவிட்டு (போட்டுக்கொள்ளவே கூசும் டீ-ஷர்ட் என்பதுதான் விஷயம்) மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேராவது அதைக் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்.

எனக்கு இந்த ஆய்வு பிடிக்கும். பிரசன்டேஷன் கொடுக்கும் முன் நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது பலமுறை உதவியிருக்கிறது. ஆனால் கோவில்பட்டியில் எங்கள் தெருவில் இது செல்லாது. அங்கே கவனிப்பார்கள். நம் வீட்டுக்கு எத்தனை மணிக்கு ஆட்டோ வந்தது என்பது நமக்கு மறந்தாலும் எதிர்வீட்டுக்கு மறக்காது.

இரண்டு வருடங்களுக்கு முன், நான் வேலை பார்த்த நிறுவனம் 15 நிமிட வீடியோ காலில் எங்கள் டீமையே கலைத்தது. அம்மாவிடம் போனில் சொன்னேன். முதல் கேள்வி, "சாப்பிட்டியா?" இரண்டாவது, "யார்ட்டயும் சொல்லலைல்ல?" அதன்பின் ஊருக்கு வந்து தங்கியிருந்த மூன்று மாதமும் சொந்தக்காரர்களுக்கு நான் 'ஒர்க் ஃப்ரம் ஹோம்'. கல்யாண வீட்டுக்குப் போனால்கூட லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொள்ளச் சொல்வாள். உள்ளே லேப்டாப் கிடையாது, அதைத்தான் கம்பெனி வாங்கிக்கொண்டு போய்விட்டதே. தினத்தந்தியும் தண்ணீர் பாட்டிலும் இருக்கும்.

ஒருநாள் எரிச்சல் தாங்காமல் கேட்டேன். "யாரும்மா அந்த நாலு பேரு? பேரைச் சொல்லு."

அம்மா சமையலறை வாசலில் நின்று யோசித்தாள். பெரியம்மா. எதிர்வீட்டு அத்தை. அப்பாவின் பங்காளி முறையில் ஒரு சித்தப்பா. நாலாவது ஆள் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தனக்கே சொல்லிக்கொள்வது போல, "விருதுநகர்க்காரர்" என்றாள். விருதுநகர்க்காரர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. எங்கள் கடையை மூடி பத்து வருஷம்.

அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். பருப்பு, வத்தல், எண்ணெய் எல்லாம் விருதுநகர் மொத்த வியாபாரிகளிடமிருந்து கடனுக்கு வரும். பத்திரம் கிடையாது. பேர்தான் ஜாமீன். வியாபாரம் படுத்துவிட்டது என்று ஒரு பேச்சு சந்தைக்குப் போனால் போதும், எல்லாரும் ஒரே நேரத்தில் பாக்கியைக் கேட்பார்கள், புதுச் சரக்கு நின்றுவிடும், படுக்காத கடையும் படுத்துவிடும். அப்புறம் மஞ்சக் கடுதாசிதான். பெரிய வங்கிகள்கூட வதந்தியால் விழுவது இப்படித்தான். அதனால் நஷ்டம் வந்த மாதத்தில்தான் அம்மா இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு செண்பகவல்லி அம்மன் கோயிலுக்குப் போவாள். சின்ன வயதில் அதைப் பக்தி என்று நினைத்திருந்தேன்.

ஆக, அம்மாவின் பயம் மூடத்தனம் இல்லை. கடைக் கணக்கில் அதுவும் ஒரு வரி. 'நாலு பேர்' என்பது அவளுக்குச் சரக்கு, ரேஷன், பிள்ளைகளின் காலேஜ் ஃபீஸ். எனக்கு யார் கடன் கொடுப்பார்கள் என்பதை 300க்கும் 900க்கும் நடுவே இருக்கும் ஒரு சிபில் ஸ்கோர் சொல்கிறது. எதிர்வீட்டு அத்தை என்னைப் பற்றி நினைப்பது அந்தக் கணக்கில் ஏறுவதே இல்லை. சரக்கு வருவது நின்றுவிட்டது, வட்டியை மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறோம். மீட்டிங்கில் தெரிந்த பதிலைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேனே, அதுவும் அந்த வட்டியில்தான் சேர்த்தி என்று நினைக்கிறேன்.

அதற்காக, "எவன் என்ன நினைச்சா எனக்கென்ன" என்று திரிகிறவர்களோடு என்னால் சேர முடியவில்லை. அப்படி ஒருவர் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரராக வந்தால் பயப்படுவேன். ஆடம் ஸ்மித், பொருளாதாரப் புத்தகத்துக்கு முன்பே, 1759இல் வெளியிட்ட அறவியல் நூலில், புகழை விரும்புவதையும் புகழுக்குத் தகுதியாக இருக்க விரும்புவதையும் பிரித்துப் பார்க்கிறார். குறளின் 102ஆம் அதிகாரமான நாணுடைமையும், நாண் என்பது தகாத செயலுக்குக் கூசுவது என்றுதான் தொடங்குகிறது. யார் பார்த்தார்கள் என்பது அங்கே பேச்சே இல்லை.

என் கதையில் வைத்துப் பார்க்கிறேன். எங்கோ ஓர் எக்செல் ஷீட்டில் ஒரு வரியை அழித்ததால் வேலை போனது. கூசுவதற்கு இதில் என்ன இருக்கிறது? ஆனால் அன்று இரவு எங்கள் டீமில் இருந்த ஒரு பையன், அவனுக்கு அது முதல் வேலை, மூன்று தடவை போன் செய்தான். எனக்கு அப்போது யாரோடும் பேசத் தெம்பில்லை. எடுத்துப் பேசினேன், ஒரு மணி நேரம். எடுக்காமல் இருந்திருந்தால் அதுதான் கூச வேண்டிய காரியமாக இருந்திருக்கும். அது எந்த நாலு பேருக்கும் தெரிந்திருக்கப் போவதில்லை.

பெரியம்மாவிடம் கடைசியில் அம்மாவே சொன்னாள். பெரியம்மா வருத்தப்பட்டு, கையோடு ஒரு தூக்குவாளி நிறைய முறுக்கு கொடுத்துவிட்டார். சித்தப்பா வேறு மாதிரி. "ஐடி ஐடின்னு என்ன ஆட்டம் ஆடுனாங்க" என்று ஒரு விசேஷ வீட்டுப் பந்தியில் சொல்லியிருக்கிறார், அது அம்மா காதுக்கே வந்தது. அன்று ராத்திரி முழுக்கப் புலம்பினாள். நான் மறுத்து எதுவும் சொல்லவில்லை, நிஜமாகவே வலிக்கிற பேச்சுதான். காலையில் எழுந்து இட்லிக்கு மாவு எடுத்து வைத்துவிட்டு, "அவன் பொண்ணு கல்யாணத்துக்கு நம்ம மொய் எவ்வளவு வச்சோம்?" என்று கேட்டாள். நோட்டைப் பார்த்துச் சொன்னேன்.

அடுத்த வாரம் ஒரு வளைகாப்பு. கிளம்பும்போது பழக்கத்தில் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன்.

"அது எதுக்கு, சும்மா சுமந்துக்கிட்டு" என்றாள்.