சாமிப் பூவைக் குப்பையில போடலாமா?

 

இந்தத் தடவை திருத்தலம், விரதம் பத்தி எழுதல. எங்க ஊர் ஆத்தைப் பத்தித்தான் எழுதப் போறேன். ஆனா கடைசியில முருகன்கிட்டதான் போய் நிக்குது, அதனால பொறுமையா படிங்க.

என் ஊர் புதுச்சேரிக்குத் தெற்கே வீராம்பட்டினம். செஞ்சி மலைப் பக்கம் பிறக்குற சங்கராபரணி ஆறு, வில்லியனூர், திருக்காஞ்சி எல்லாம் தாண்டி வந்து கடலுக்குக் கிட்ட ரெண்டு கிளையா பிரியுது. ஒண்ணு சுண்ணாம்பாறு. இன்னொண்ணு எங்க அரியாங்குப்பம் ஆறு. அதோட கரையிலதான் அரிக்கமேடு இருக்கு. ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி ரோமானியச் சரக்கு வந்து இறங்கின துறைமுகம்.

மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை, காலையில ஆறு மணிக்கு, தண்ணி வத்துற நேரம் பார்த்து நாங்க பத்துப் பதினஞ்சு பேர் ஆத்துல இறங்குவோம். கையுறை, சாக்கு, ரெண்டு கொக்கி, அவ்வளவுதான். வார நாள்ல நான் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து அடுத்தவங்க எழுதின கோட்ல பிழை தேடுறவன். ஞாயித்துக்கிழமை அடுத்தவங்க போட்ட குப்பையைத் தேடுறேன்னு வீட்ல கிண்டல் பண்ணுவாங்க.

கரையில கிடக்குறதைப் பொறுக்குறது சுலபம். கஷ்டம் அலையாத்தி மரத்துக்கு அடியில. அந்த மரத்தோட வேர் சேத்துல இருந்து பென்சில் நட்டு வெச்ச மாதிரி மேல நோக்கி நீட்டிட்டு இருக்கும். அது வழியாத்தான் மரம் மூச்சு விடுது. முகத்துவாரம் பக்கத்துல இருக்குறதால, கடல் ஏறும்போது ஆத்துல போன குப்பை திரும்பி உள்ள வரும், வத்தும்போது அந்த வேர்ல மாட்டிக்கும். ஒவ்வொரு வேருக்கும் ஒரு பாலித்தீன் தொப்பி. அதைக் கொக்கியால இழுத்தா வேர் உடைஞ்சிடும், கையாலதான் உருவணும்.

அப்படி உருவி எடுத்த கவர்களை முதல்ல நான் பிரிச்சுப் பார்க்கல. ஒரு தடவை ஒண்ணு கிழிஞ்சு கொட்டுச்சு. காஞ்ச சாமந்தி, கற்பூர டப்பா, உடைஞ்ச சாமி பட ஃபிரேம், அதுல மயில் மேல முருகன். அதுக்கப்புறம் பார்க்க ஆரம்பிச்சேன். பால் பாக்கெட், சிப்ஸ் கவர் நிறைய இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா முடிச்சுப் போட்டு, பத்திரமா கட்டி விட்ட கவர்னா உள்ள பெரும்பாலும் பூஜை சாமான்தான்.

எனக்கு ஆச்சரியமே வரல. ஏன்னா அந்த மாதிரி கவரை நானே சின்ன வயசுல எத்தனை தடவை ஆத்துல விட்டிருக்கேன்! வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சா மறுநாள் அம்மா சொல்லுவாங்க: "சாமிக்குப் போட்ட பூடா, குப்பையில போடக்கூடாது. கால் படும். ஆத்துல விட்டுட்டு வா." நானும் கவரோட வீசிட்டு, கன்னத்துல போட்டுக்கிட்டு வருவேன்.

இங்கதான் எனக்குச் சிக்கல். சிப்ஸ் கவரை வீசினவனைத் திட்டலாம். அவனுக்கு அலட்சியம். என் அம்மாவுக்கு அலட்சியமே கிடையாது, பக்தி. மரியாதை அதிகமா இருந்ததாலதான் அது ஆத்துக்குப் போச்சு. இதை எந்தக் கணக்குல எழுதறது? பாவமா, புண்ணியமா?

இது எங்க ஊர்ல மட்டும் இல்ல. பாபநாசத்துல தாமிரபரணியில குளிச்சிட்டு, போட்டிருந்த துணியை அங்கயே விட்டுட்டு வர்றது பரிகாரம்னு நம்புறாங்க. அந்தத் துணியை ஆத்தோட அடியில இருந்து மறுபடி மறுபடி தன்னார்வலர்கள் இழுத்து வெளியே போடுறாங்க. ஒருத்தர் பாவத்தை இன்னொருத்தர் முதுகு வலிக்கத் தூக்குறார்.

கந்தபுராணத்துல நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச இடம் ஒண்ணு இருக்கு. சிவபெருமான் நெற்றிக்கண்ல இருந்து வந்த ஆறு பொறியை வாயுவும் அக்கினியும் தாங்க முடியாம கங்கையில விட்டாங்க. கங்கை அதைக் கொண்டுபோய் நாணல் அடர்ந்த சரவணப் பொய்கையில சேர்த்தா. அதனாலதான் அவன் சரவணபவன், காங்கேயன். நமக்குத் தாங்க முடியாத, காலடியில போட முடியாத ஒண்ணை ஆத்துகிட்ட ஒப்படைக்கிற மனசு அவ்வளவு பழசு. ஆனா கதையை இன்னொரு தடவை படிச்சப்போதான் எனக்கு உறைச்சது. கங்கை அந்தப் பொறியை அழிக்கல, கொண்டுபோய்ச் சேர்த்தா. அங்க நாணல் இருந்துச்சு, தாமரை இருந்துச்சு, அப்புறம் எடுத்து வளர்க்க ஆறு கார்த்திகைப் பெண்கள் வந்தாங்க. வாங்கிக்க ஆள் இருந்தாங்க.

நாம விட்ட கவரையும் ஆறு ஒழுங்கா கொண்டுபோய்ச் சேர்க்குது. வாங்கிக்கிறது யாரு? அலையாத்தி வேர். வலை வீசுற எங்க ஊர்க்காரர்.

அம்மா காலத்துக்கு முன்னாடி இந்த வழக்கத்துல தப்பு இல்லைன்னுதான் நினைக்கிறேன். வாழைநார்ல கட்டின பூ, ஓலைக்கூடை, மண்விளக்கு, எல்லாம் மக்கிப் போச்சு. 1945-ல மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டினப்போ கிடைச்சதுல முக்கியமானது என்ன தெரியுமா? உடைஞ்ச பானை ஓடு, மதுச்சாடித் துண்டு. அன்னைக்குத் தூக்கிப் போட்ட குப்பைதான். மண்ணுல இருந்து வந்து மண்ணோடயே கிடந்துச்சு. 120 மைக்ரானுக்குக் குறைஞ்ச பிளாஸ்டிக் பைக்கு நாடு முழுக்க 2022 கடைசியில இருந்து தடை. ஆனா பூக்கடையில இன்னும் அதுலதான் போட்டுத் தர்றாங்க, நாமளும் வாங்கிக்கிறோம். விதி பழசாவே இருக்கு, பை மட்டும் மாறிடுச்சு. யாரும் விதியைத் திருத்தல.

"நீங்க எடுத்தா நாளைக்கு மறுபடி வரும், எதுக்கு வெட்டி வேலை"ன்னு கேக்குறவங்க உண்டு. மும்பை வெர்சோவா கடற்கரையில 2015-ல ஒரு வக்கீலும் பக்கத்து வீட்டுப் பெரியவரும் ரெண்டே பேரா ஆரம்பிச்சப்பவும் இதையேதான் கேட்டிருப்பாங்க. 2018-ல அதே கரையில ஆமைக்குஞ்சுங்க கடலுக்குப் போச்சு. சரி, அந்தக் கேள்விக்கு அது போதும். என்னைத் தூங்க விடாதது வேற.

போன மாசம் வேருக்கு நடுவுல ஒரு கவர். உள்ள வேட்டி, துண்டு, ஒரு மூக்குக்கண்ணாடி. பார்த்த உடனே தெரிஞ்சுது, யாரோ ஒருத்தரோட காரியத் துணி. என்கூட வந்த தம்பி சாக்கை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு, "போடுங்கண்ணா, நேரமாகுது"ன்னான். என்னால போட முடியல. ரெண்டு வருஷம் முன்னாடி பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு, அப்பாவோட வேட்டியையும் துண்டையும் இதே மாதிரி ஒரு கவர்ல கட்டி இந்த ஆத்துல விட்டது நான்தான். முடிச்சு அவிழக்கூடாதுன்னு ரெண்டு தடவை இறுக்கினேன்.

எங்க ஊர் செங்கழுநீர் அம்மன் கதை ஞாபகம் வந்துச்சு. மீன் பிடிக்கப் போனவர் வலையில ஒரு மரக்கட்டை மாட்டுச்சு, விறகுன்னு வீட்டுல வெட்டினப்போ ரத்தம் வந்துச்சு, அதுதான் அம்மன்னு சொல்லுவாங்க. தண்ணியில இருந்து வர்றது விறகா, சாமியான்னு கையில எடுத்தவனுக்குச் சட்டுனு தெரியறதில்ல.

கவரையும் கண்ணாடியையும் சாக்குல போட்டேன். பருத்தி வேட்டியை அலசி, கரைமேல தென்னைக்குப் பக்கத்துல குழி தோண்டிப் புதைச்சேன். தம்பி ஒண்ணும் சொல்லல, மண்ணைத் தள்ளி மூடினான். அரை மணி நேரம் போச்சு, அதுல ரெண்டு மூட்டை குப்பை எடுத்திருக்கலாம். ஒவ்வொரு துணிக்கும் இப்படிச் செய்ய முடியுமான்னு கேட்டா, முடியாது.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னேன். அவங்க அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்பாவுது அங்க இருந்துச்சாடா?"ன்னு கேட்டாங்க.

"தெரியலம்மா."

அடுத்த சனிக்கிழமை பூஜைப் பூவை என்கிட்ட கொடுக்கல. அவங்களே எடுத்துட்டுப் போய்ப் பின்னாடி முருங்கை அடியில கொட்டிட்டு, கவரை மடிச்சு ஜன்னல்ல சொருகி வெச்சிருந்தாங்க.

வேலும் மயிலும் துணை.