தகுதியை அளப்பவர் யார்? – 1919ஆம் ஆண்டுச் சட்ட முகவுரை குறித்த அறவியல் நோக்கு

ஆளப்படும் மக்களின் தன்னாட்சித் தகுதியை ஆள்வோரே அளந்து தீர்ப்பளித்தல் அறமாகுமா? 1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் எழுப்பும் இவ்வினாவை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. பொறுப்பாட்சியைப் படிப்படியாக வழங்குவதே நோக்கம் என்று கூறும் அதன் முகவுரை, ஒவ்வொரு படியின் காலத்தையும் முறையையும் பிரிட்டிஷ் நாடாளுமன்றமே தீர்மானிக்கும் என்றும் வரையறுக்கிறது.

பொறுப்பை ஒப்படைக்குமுன் ஆராய்தல் தவறன்று. திருக்குறளின் 'தெரிந்து தெளிதல்' அதிகாரம் அதனையே வலியுறுத்துகிறது. ஆயின் அங்கு ஆராயப்படுபவன் அரசன் தேர்ந்தமர்த்தும் வினையாளன், குடிமக்கள் அல்லர். முகவுரையோ குடிகளையே வினையாளர் நிலையில் நிறுத்தியது. தெளிந்தபின் ஐயம் கொள்ளலாகாது என்பதும் அவ்வதிகாரத்தின் முடிபு. மாகாணங்களில் கல்வியையும் பொதுச் சுகாதாரத்தையும் அமைச்சர்களிடம் அளித்து, நிதியையும் காவல்துறையையும் ஒதுக்கி வைத்துக்கொண்ட இரட்டையாட்சியோ, ஐயத்தையே சட்டமாக்கியது.

வாக்குரிமை சிலருக்கே இருந்தமையால் அவைகள் மக்களைச் சார்ந்தவை அல்ல. ஏழையரைக் காக்க மேலாண்மை தேவைப்பட்டது என ஒரு மறுப்பு எழலாம். இம்மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. எனினும் அவ்வாக்குரிமையைக் குறுக்கியதும் அதே ஏற்பாடே. மேலும் 1923இல், ஏழையரையே பெரிதும் தாக்கும் உப்பு வரியை இருமடங்காக்க நடுவண் சட்டமன்றம் மறுத்தது. வைஸ்ராய் ரீடிங் பிரபு தம் சான்றளிப்பு அதிகாரத்தால் அதனை நிறைவேற்றினார். ஏழையரின் பக்கம் நின்றது ஆராயப்பட்ட அவையே எனலாம்.

சென்னைச் சட்டமன்றம் 1921இல், வாக்களிக்கப் பெண்பாலராய் இருத்தல் தடையன்று எனத் தீர்மானித்தது. சொத்துத் தகுதி நீடித்தமையால் பயன்பெற்றோர் சிலரே. ஆயினும் ஆண்களுக்குரிய அதே வரையறையில் பிரிட்டனின் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1928இல்தான். தேர்வாளரினும் தேர்வு எழுதியவர் இவ்வொன்றில் முந்திவிட்டனர்.

ஆயினும் 1927இல் சீர்திருத்தத்தின் பயனை ஆராய அமைக்கப்பட்ட சைமன் குழுவின் எழுவரும் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்களே. இந்தியர் ஒருவரும் இலர். 1935ஆம் ஆண்டுச் சட்டம் பழைய சட்டத்தை நீக்கியபோதும் அதன் முகவுரையை விட்டுவைத்தது.

ஆராய்தல் அறமாக வேண்டுமெனின், ஆராயப்படுபவரின் தோல்வியால் ஆராய்பவருக்கு ஆதாயம் இருத்தலாகாது. தகுதியின்மை என்னும் தீர்ப்பு அதிகாரத்தைத் தீர்ப்பாளர் கையிலேயே நிறுத்துமாயின், அது ஆராய்ச்சியன்று; உடைமைக் காப்பே என்பது பெறப்படும். மக்களுக்கு இன்னும் பக்குவம் வரவில்லை எனும் குரல் எங்கு எழினும், அவ்வாறு சொல்வதால் பயன்பெறுபவர் யார் என வினவுதல் நம் கடனாகும்.