கொல்லாமை மட்டும் போதுமா?

உயிர்க்கொலை செய்யோம் என்று சீலம் ஏற்றோம். கொல்லாதிருந்தால் மட்டும் அச்சீலம் நிறைவேறுமா?

அண்மையில், வளர்த்தோர் கைவிட்ட கினிப்பன்றியொன்று நம்மிடம் வந்தது. அதனை எவரும் அடித்ததில்லை. அரிசியும் ரொட்டியும் இட்டே வந்தனர். ஆயினும் மூட்டுகள் வீங்கி, ஈறுகளில் இரத்தம் கசிந்து, நடக்கமாட்டாது கிடந்தது. மனிதரைப்போலவே இச்சிற்றுயிரும் வைட்டமின் ‘சி’யைத் தன் உடலில் ஆக்கிக்கொள்ள இயலாதது, பசுந்தழை கிடையாவிடில் நலியும். புல் கிடையாவிடில், ஓயாது வளரும் பற்கள் தேயாமல் நீண்டு உண்ணவொட்டாது தடுக்கும். அறியாமையும் அசட்டையுமே அதனை வதைத்தன.

வைத்தியர் மருந்தளித்தார், நாம் கொத்தமல்லித் தழையும் கொய்யாவும் புல்லும் ஊட்டினோம். “மனிதர் பசித்திருக்க, இதற்கு இத்தனை உபசாரமா?” என்றார் ஓர் அன்பர். கேட்பாரற்றுக் கிடப்பதன் துயரை நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள். அத்துயரை வேறோர் உயிரிடம் கண்டும் நாம் கடந்து செல்லலாமா?

வயிற்றுநோயால் தன் மலத்திலேயே கிடந்த பிக்குவை உடனுறைந்தோர் கவனியாதிருக்க, பகவான் ஆனந்தரோடு தம் கையாலேயே கழுவித் தூய்மை செய்தார் என விநயபிடகம் கூறும். 1956இல் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் அளித்த 22 உறுதிமொழிகளுள், எவ்வுயிர்க்கும் இரங்கி அதனைக் காப்பதும் ஒன்று.

தேறிய அவ்வுயிரை, அதன் உணவு முறையைக் கற்பித்து, தக்க இல்லத்தாரிடம் ஒப்படைத்தோம். பிரிவு வருத்தியது, எனினும் பேணியது நமதென்று பற்றுதற்கன்று. கொல்லாதிருத்தல் சீலத்தின் தொடக்கமே. பேணுதலால்தான் அது நிறைவுறும்.