ஸ்கோர் என்ன, ஸார்?

தனிமை என்பதை ஆள் இல்லாத குறை என்றுதான் பொதுவாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நடுக்காட்டில் அகப்பட்டுக்கொண்டால் தனிமை. மனைவி மக்கள் ஊருக்குப் போய்விட்டால் தனிமை. இந்த இலக்கணம் சரியாக இருந்தால், சென்னைத் திருவல்லிக்கேணியில் அந்தச் சொல்லுக்கே வேலை இருக்கக்கூடாது. அங்கே தோள் இடிபடாமல் பத்தடி நடக்க முடியாது. மேன்ஷன்களில் அறையோடு அறை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு சுவருக்கு அப்பால் ஒருவர் இருமினால் இந்தப் பக்கம் தூக்கம் கலைகிறது. ஆயினும், உத்தியோகம் தேடி வெளியூர்களிலிருந்து வந்த வாலிபர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேதான் தனிமையில் வாடியிருக்கிறார்கள். ஆகவே குறைவது ஆள் அல்ல. வேறு எதுவோ குறைகிறது. அது என்ன?

எனக்குத் தெரிந்த வாலிபர் ஒருவர் அம்பாசமுத்திரத்துப் பக்கத்திலிருந்து வந்து, அண்ணா சாலையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒற்றை அறை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஏழு வரை கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. ஏழரை மணிக்கு ஐ.பி.எல். ஆட்டம் தொடங்கினால், பதினொன்றைத் தாண்டும் வரை அதற்கு. ஆட்டம் இல்லாத இரவுகளில் பழைய ஆட்டங்கள். இவற்றுக்கு நடுவே மெஸ்ஸில் சாப்பாடு, துணி துவைத்தல், அம்மாவுடன் ஐந்து நிமிஷம் டெலிபோன். “நேரம் போதவே இல்லை, ஸார். ஆனால் நேரம் போகவும் மாட்டேன் என்கிறது” என்றார் ஒரு நாள். இதைவிடச் சுருக்கமாக நகர வாழ்க்கையை வேறு யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இன்னொரு விஷயமும் சொன்னார். அவர் ஜாகைக்கும் சேப்பாக்கம் மைதானத்துக்கும் அதிக தூரம் இல்லை. அங்கே எதிரணியின் விக்கெட் விழுந்தால், ஆரவாரம் ஜன்னல் வழியாக முதலில் வந்துவிடுகிறது. படம் எங்கெங்கோ சுற்றிக்கொண்டு அவருடைய செல்போனுக்கு வந்து சேரப் பல விநாடிகள் ஆகின்றன. ஊரெல்லாம் கத்தி ஓய்ந்த பிறகு திரையில் பந்து போடுகிறவர் ஓடத் தொடங்குகிறார். எதிர் அறையில் டெலிவிஷன் பெட்டி; அதில் கொஞ்சம் முன்னால் விழுகிறது. பக்கத்து அறையில் இன்னொரு செல்போன். அதில் கொஞ்சம் பின்னால். “ஒரே விக்கெட் எங்கள் மாடியில் மூன்று தரம் விழுகிறது, ஸார். மூன்று பேரும் தனித்தனியாகக் கைதட்டுகிறோம்” என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதிர் அறைக்காரரின் பெயர் என்ன என்று கேட்டேன். தெரியாது என்றார். ஒன்றரை வருஷமாக அங்கே குடியிருக்கிறார்.

இந்த இடத்தில் பெரியவர்கள் டெலிவிஷனையும் கிரிக்கெட்டையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுவார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. சென்னையில் டெலிவிஷன் நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்டு 15ஆம் தேதி. அதற்குப் பிறகும் வெகு காலம் எங்களைப் போன்றவர்களின் தெருவில் பெட்டி வைத்திருந்த வீடுகள் ஒன்றிரண்டுதான். மாட்ச் நடக்கிற நாளில் அந்த வீட்டுக் கூடத்தில் பாயை விரித்து இருபது முப்பது பேர் உட்கார்ந்திருப்போம். மொட்டை மாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்ப ஒருவன். “வந்துவிட்டது, ஐயோ போய்விட்டது” என்று கீழேயிருந்து கத்த ஒருவன். அதற்கும் முந்திய தலைமுறைக்கு டிரான்ஸிஸ்டர் இருந்தது. அதைக் காதோடு வைத்துக்கொண்டு வீதியில் போகிறவர் ஊருக்கே பொதுச் சொத்து. முன்பின் அறியாதவர்கள் அவரை மறித்து, “ஸ்கோர் என்ன, ஸார்?” என்று கேட்பார்கள். சைக்கிளில் போகிறவர்கூட ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு காத்திருப்பார். சொல்ல மாட்டேன் என்று மறுக்க அந்த டிரான்ஸிஸ்டர்காரருக்கு உரிமை கிடையாது. அப்படி ஒரு சட்டம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

விளையாட்டு மனிதர்களைச் சேர்த்து வைத்து, தனியாக இருக்கும்போது தோன்றாத பெருந்தன்மையைக்கூட அவர்களுக்குக் கொடுத்துவிடுவது உண்டு. 1999 ஜனவரி 31ஆம் தேதி இதே சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்டின் கடைசி நாள். வெற்றிக்கு 271 ரன் வேண்டும். டெண்டுல்கர் முதுகு வலியைப் பொறுத்துக்கொண்டு 136 ரன் எடுத்தார். அவர் அவுட்டானதும் மிச்சமிருந்த விக்கெட்டுகள் மளமளவென்று சரிந்தன. 12 ரன்னில் இந்தியா தோற்றது. மைதானம் பேச்சு மூச்சற்றுப் போயிற்று. பிறகு ஜனங்கள் எழுந்து நின்று, ஜெயித்தவர்களுக்குக் கை தட்டினார்கள். பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தை ஒரு சுற்று வந்து அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டார்கள். பக்கத்தில் இருப்பவர் எழுந்ததைப் பார்த்து எழுந்தவர்கள் எத்தனை பேரோ! அவரவர் அறையில் தனித்தனியாகப் பார்த்திருந்தால், பெட்டியை அணைத்துவிட்டுப் படுத்திருப்பார்கள்.

அப்படியானால் மாறியது எது? கேட்க வேண்டிய அவசியம் போய்விட்டது, அவ்வளவுதான். ஸ்கோர் சட்டைப் பையில் இருக்கிறது. எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்பதும் பையில் இருக்கிறது. நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும், பஸ் எப்போது வரும், மழை பெய்யுமா என்பதெல்லாம் அதே பையில். கறிவேப்பிலை தீர்ந்து போனால் அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டாம்; மோட்டார் சைக்கிளில் ஒரு பையன் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகிறான். அவன் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

இதை நாம் முன்னேற்றம் என்றே கொண்டாடுகிறோம். கொண்டாடுவதற்குக் காரணமும் இருக்கிறது. யாரிடமும் போய் எதற்கும் நிற்காதவன் என்று பெயர் எடுப்பது நம்மவர்களுக்கு எப்போதுமே பெரிய கௌரவம். வள்ளுவர் கையேந்துவதற்கு அஞ்ச வேண்டும் என்பதற்காகவே இரவச்சம் என்று ஓர் அதிகாரம் எழுதினார். அதை மேற்கோள் காட்டாத தகப்பனார்கள் குறைவு. ஆனால் அதற்கு முந்திய அதிகாரத்தின் பெயர் இரவு. ராத்திரி அல்ல, இரத்தல். ஒளிக்கத் தெரியாத நெஞ்சு உடையவர்களிடத்தில் போய்க் கேட்பதும், கொடுப்பதைப் போலவே நல்லது என்று அதில் சொல்கிறார். கேட்பது எப்படிக் கொடுப்பதாகும் என்று எனக்கு வெகு நாள் விளங்காமல் இருந்தது. மேன்ஷன் வாலிபரைப் பார்த்த பிறகு விளங்கியது. கேட்கிறவன், ‘உன்னிடம் எனக்கு வேண்டியது ஒன்று இருக்கிறது’ என்ற செய்தியை மற்றவனுக்குக் கொடுக்கிறான். அந்த வாலிபருக்கு ஒன்றரை வருஷமாக யாரும் அதைக் கொடுக்கவில்லை. கம்பெனி அவரிடம் பத்து மணி நேரம் கேட்கிறது, உண்மைதான். ஆனால் அந்த நாற்காலியில் நாளைக்கு வேறு ஒருவர் உட்கார்ந்தாலும் அதே கணக்கைத்தான் கேட்கும்.

இதற்கு ஒரு பலமான மறுப்பு உண்டு. அதை மறைத்துவிட்டு மேலே போவது நியாயமல்ல. பழைய தெருவில் கேள்விக்குக் குறைவே இல்லை. நீ யார் பிள்ளை, என்ன ஜாதி, சம்பளம் எவ்வளவு, கல்யாணம் ஏன் தட்டிப்போகிறது, நேற்று ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாய்? டெலிவிஷன் இருந்த கூடத்தில் யார் உட்காரலாம், ஜன்னலுக்கு வெளியே யார் நிற்க வேண்டும் என்பது ஜாதியைப் பார்த்தே தீர்மானமான ஊர்கள் இருந்தன. ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தவரின் பிள்ளை பட்டணத்துக்கு வந்து, தன்னை யாரும் எதுவும் கேட்காத ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மாட்ச் பார்க்கிறான் என்றால், அது அவனுக்குத் தனிமை அல்ல, விடுதலை. ஹாஸ்டலில் இருந்து வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் அப்படித்தான். அவர்களிடம் போய்ப் பழைய தெருவின் பெருமையைப் பாடினால், பாடுகிறவரைப் பார்த்து அவர்கள் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டியதுதான்.

ஆனால் கேள்வியில் இரண்டு ஜாதி உண்டு. ஒருவனைப் பற்றிக் கேட்பது ஒன்று. ஒருவனிடம் கேட்பது மற்றொன்று. ஒருவனைப் பற்றிக் கேட்கும்போது நாம் நீதிபதி ஆசனத்தில் ஏறிக்கொள்கிறோம்; அவன் கீழே நிற்கிறான். ஒருவனிடம் கேட்கும்போது நாம் கீழே இறங்குகிறோம். அவன் ஒரு படி உயர்கிறான். ‘நீ யார்?’ என்பதும் ‘ஸ்கோர் என்ன?’ என்பதும் ஒன்றல்ல. டிரான்ஸிஸ்டர்காரரிடம் யாரும் கோத்திரம் விசாரிக்கவில்லை. அவரிடம் இருந்ததை மட்டுமே கேட்டார்கள். பட்டணம் முதல் வகைக் கேள்வியிலிருந்து நம்மை விடுவித்தது. அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். களையைப் பிடுங்கியபோது பயிரும் கையோடு வந்துவிட்டது என்பதுதான் கஷ்டம்.

செல்போனில் எல்லாம் இருக்கும்போது, அடுத்தவரிடம் போய்க் கேட்பது பாசாங்கு ஆகாதா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நம் பாஷையில் பாதிக் கேள்விகள் பதிலுக்காகக் கேட்கப்படுவன அல்ல. குடத்தோடு குழாயடிக்குப் போகிறவளைப் பார்த்து, “தண்ணிக்கா?” என்கிறோம். பையோடு மார்க்கெட்டிலிருந்து வருகிறவரை நிறுத்தி, “மார்க்கெட்டிலிருந்தா?” என்கிறோம். தெரிந்தே கேட்கிறோம், தெரிந்தே பதில் சொல்கிறார்கள். இதை இதுவரை யாரும் பொய் என்று சொன்னதில்லை. தண்ணீருக்குத்தான் போகிறாள் என்பது கேட்டவருக்கும் தெரியும். அவள் போவதை ஒருவர் கவனித்தார் என்பதுதான் அவளுக்குப் புதிதாகத் தெரிந்த செய்தி. ஸ்கோரும் அப்படிக் கேட்கத் தகுந்ததே.