வழிகாட்டியும் சீடனும்

திருச்சபைக்குப் புதிதாக வரும் ஒருவனை அநுபவமுள்ள மூத்தவர் ஒருவரிடம் ஒப்புவித்து, அவர் துணையோடு சீடத்துவத்தில் வளரச் செய்வது கிறிஸ்தவ உலகிற் பழைமையான வழக்கம். நல்வழக்கம் என்றே அதனைக் கூறவேண்டும். ஆயினும் அதனுள் ஒழுக்கவியற் பிரச்சினையொன்று மறைந்து கிடக்கின்றது. ஒரு மனிதன் இன்னொரு மனிதனுடைய உள்ளத்தை உருவாக்க முற்படும்போது, உருவாகுபவன் யாருக்கு உரியவன்? மாணவர் முன் நாள்தோறும் நிற்கும் நாமும் இவ்வினாவுக்கு விடையிறுக்கக் கடமைப்பட்டவர்களே.

புதிய ஏற்பாட்டின் அப்போஸ்தலர் நடபடிகளிலே பர்னபா என்றொருவர் வருகின்றார். திருச்சபையைத் துன்புறுத்திய சவுலை எருசலேமிலிருந்த சீடர்கள் நம்ப மறுத்தபோது, அவருக்காகப் பரிந்து பேசியவர் இவர். பின்னர் தர்சு பட்டணத்துக்குச் சென்று, சவுலைத் தேடி அழைத்து வந்து, அந்தியோகியாவில் ஓராண்டு உடனிருந்து ஊழியஞ் செய்தார். சவுல் பவுலானார், பர்னபாவின் பெயருக்குப் பின்னே வந்த அவர் பெயர் முன்னே வரலாயிற்று. இறுதியில், மாற்கு என்ற இளைஞனை உடன் அழைத்துச் செல்வது பற்றி இருவருக்கும் கடும் பிணக்கு நேர்ந்தது. பவுல் தம் வழியே சென்றார். பர்னபா மாற்குவைச் சேர்த்துக்கொண்டு தம் வழியே சென்றார். தாம் வளர்த்தவர் தம்மை மறுத்துரைக்கக் கண்ட பின்னரும், வளர்ப்பதை அவர் கைவிட்டாரில்லை. வழிகாட்டியின் பெருமை இங்கேதான் வெளிப்படுகின்றது.

தனிமனிதரிடத்திற் காணப்பட்ட இப்பண்பு ஓர் அமைப்பாக மாறும்போது யாது நிகழ்கின்றது? பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்து இதற்கு விடை தருகின்றது. 1739இல் கிங்ஸ்வூட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்கு வெட்டவெளியிற் பிரசங்கித்த ஜோன் வெஸ்லி, 1742இல் பிறிஸ்டல் நகரிலே வகுப்பு முறையை ஏற்படுத்தினார். அதன் தொடக்கம் மிகச் சாதாரணமானது. கூட்ட மண்டபத்தின் கடனைத் தீர்ப்பதற்கு ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுப்பதென்றும், பன்னிருவருக்கு ஒருவர் அதைச் சேர்ப்பதென்றும் முடிவாயிற்று. வீடு வீடாகச் சென்றவர் காசை மட்டும் கண்டாரல்லர். குடியையும் சண்டையையும் பசியையும் கண்டார். நாளடைவிற் பன்னிருவரும் ஓரிடத்திற் கூடினர். தத்தம் வாழ்வைப் பற்றி வாய்திறந்து பேசினர். கண்டிக்கவும் தேற்றவும் பட்டனர். குருப்பட்டம் பெறாத தொழிலாளரும் பெண்களுங்கூட வகுப்புத் தலைவராயினர். அதுவரை தம் சொல்லை எவரும் கேட்டறியாத மாந்தர், தம் சொல்லுக்கும் மதிப்புண்டு என்பதை அங்கே உணர்ந்தனர்.

ஆயினும் நாம் ஒரு பக்கத்தை மாத்திரம் நோக்குதல் தகாது. தலைவர்களை நியமிக்கும் அதிகாரத்தை வெஸ்லி தம் கையிலேயே வைத்திருந்தார். வாரந்தோறும் தன் உள்ளத்தைப் பிறர் முன் திறந்துகாட்ட வேண்டியவன், அவர்தம் கண்காணிப்புக்கும் உட்பட்டவனாகின்றான். கைத்தொழிற் புரட்சிக் காலத்திலே மெதடிஸ்தம் ஆலை முதலாளிக்கு வேண்டிய பணிவையும் நேர ஒழுங்கையும் தொழிலாளியின் நெஞ்சுக்குள்ளேயே பதித்தது என்று வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1963இல் வெளியான தமது நூலிற் குற்றஞ்சாட்டினார். அவர் ஒரு மெதடிஸ்த மிஷனரியின் மைந்தர் என்பது குறிப்பிடத்தக்கது. அக்குற்றச்சாட்டை எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

ஆனால் விதைத்தவன் எண்ணியபடியே விளைவு அமைவதில்லை. டோர்செற் மாவட்டத்து டொல்படில் கிராமத்திலே விவசாயக் கூலிகளின் வாரச் சம்பளம் ஒன்பது சிலிங்கிலிருந்து எட்டாகவும் ஏழாகவும் குறைக்கப்பட்டது. ஆறாகுமென்ற அச்சமும் எழுந்தது. 1833இல் அவர்கள் சங்கம் அமைத்தனர். அவர்களை முன்னின்று நடத்திய ஜோர்ஜ் லவ்லெஸ் ஒரு மெதடிஸ்த உள்ளூர்ப் பிரசங்கியார். ஏர் பிடித்த உழவர். கூட்டத்தை ஒழுங்காக நடத்தவும், அஞ்சாது பேசவும், ஒருவர் துயரை மற்றவர் தாங்கவும் திருச்சபை அளித்த பயிற்சி சங்கத்துக்குப் பயன்பட்டது. சட்டவிரோதமாகச் சத்தியப் பிரமாணஞ் செய்வித்தனர் என்று கூறி, 1834இல் அறுவரை ஏழாண்டுகளுக்கு அவுஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தினர். மக்களின் பெருங்கிளர்ச்சியின் பின்னர், 1836இல் அரசு அவர்களுக்கு மன்னிப்பளிக்க நேர்ந்தது. அதன்பின் எழுந்த சாசன இயக்கத்தினரும் வகுப்பு முறையைத் தமதாக்கிக் கொண்டனர். பணிவைக் கற்பித்த அதே அமைப்பினின்று பணிய மறுத்தவர்களும் தோன்றினர்.

இம்முரண்பாட்டிலிருந்து நாம் பெறும் உண்மை யாது? வழிகாட்டுதல் என்பது தன்னளவில் விடுதலையுமன்று, அடிமைத்தனமுமன்று. வழிகாட்டுவோன் எதனை நோக்கி விரல் நீட்டுகின்றான் என்பதே அதனைத் தீர்மானிக்கின்றது. தன்னையே சுட்டிக்காட்டுபவன் ஏவலாளரை உருவாக்குகின்றான். தன்னிலும் பெரியதொரு நீதியைச் சுட்டிக்காட்டுபவனோ, அந்நீதியின் பெயரால் ஒருநாள் தன்னையே எதிர்த்துக் கேட்கவல்ல சீடரை உருவாக்குகின்றான். நசரேயர் தம் சீடருடைய கால்களைக் கழுவினார் என்ற செய்தியை நாம் இப்பொருளிலேயே விளங்கிக்கொள்கின்றோம். கால்களைக் கழுவியது நடந்து செல்வதற்காக. தம் காலடியிலேயே கிடப்பதற்காகவன்று.

மாணவன் நம்மை மறுத்துப் பேசும் நாளில் நம் முகம் சுருங்குகின்றதா, மலர்கின்றதா? ஆசிரியராகிய நாம் எத்தகைய வழிகாட்டிகள் என்பதை அன்று நாமே அறிந்துகொள்ளலாம்.