வந்த வழி

யட்டியாந்தோட்டையில் என் கடை வாசலில் ஞாயிறு பிற்பகல் செஸ் பலகை விரிப்பது பல வருடப் பழக்கம். எதிரே அமர்பவர் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. வெள்ளைக் காய் கிடைத்தால் இராணியின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துவார். அடுத்தது இராணிப் பக்க பிஷப்பின் சிப்பாய். நான் இராஜா பக்கக் குதிரையை எடுத்துவிட்டு, இராஜாவின் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுவேன். மூன்றாவது நகர்வில்தான் அவர் யோசிக்க ஆரம்பிப்பார். தேநீர் ஆறிப்போகும்.

ஒரு நாள் பொறுமையிழந்து, "எந்தக் குதிரை முதலில் வந்தால் என்ன அண்ணன்? கடைசியில் ஒரே இடத்துக்குத்தானே வருகிறோம்" என்றேன்.

பலகையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "ஆமா நானா. ஒங்க அடையாள அட்டையும் என் அட்டையும்கூட ஒண்ணுதானே."

செஸ்ஸைப் பொறுத்தவரை நான் சொன்னது பாதி உண்மை. இராணிப் பக்கக் குதிரையை முதலில் எடுத்தால் என் பிஷப் பாய்ந்து வந்து அதைக் கட்டிப்போடும். அது நிம்சோ இந்தியன். மற்றக் குதிரையை எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. நான் நடுவில் சிப்பாயை வைக்க, பழைய குயின்ஸ் கம்பிட் ஆட்டத்துக்கே வந்து சேரலாம். ஆனால் அந்தக் குதிரையை இராஜாவின் முன்னால் வைத்து ஆடும் வாய்ப்பு அவர் கையைவிட்டுப் போயிருக்கும். பலகையைப் பார்ப்பவருக்கு இது தெரியாது.

அப்பாஸியர் காலத்து ஷத்ரஞ்சில் இந்தக் கவலை குறைவு. பத்தாம் நூற்றாண்டு பக்தாதில் அஸ்ஸூலி போன்றோர் ஆடியபோது சிப்பாய் ஒரு கட்டமே நகரும். படைகள் சந்திக்க நேரமெடுக்கும். 'தஅபியா' எனும் அணிவகுப்பை அவரவர் விரும்பிய வரிசையில் அமைத்துக்கொண்டனர். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் இராணிக்கும் பிஷப்புக்கும் நீண்ட கை கிடைத்தது. எதிராளியின் கை எட்டும்போதுதான் வரிசை வினையாகிறது.

கணக்கப்பிள்ளையின் தகப்பன் 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தவர். சுமார் எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. (அச்சட்டம் இந்திய வம்சாவளி முஸ்லிம்களையும் தொட்டது. நாம் அதை வசதியாக மறந்துவிடுகிறோம்.) தகப்பனின் விண்ணப்பம் அத்தாட்சி போதாதென்று திரும்பியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். அண்ணன்காரர் இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்து, தலைமன்னாரில் கப்பலேறினார். இவர் நாடற்றவராகவே இங்கு இருந்தார். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் பிரஜை.

நான் பிறப்பிலேயே பிரஜை. ஒரு நகர்வும் ஆடவில்லை.

சட்டம் வந்த வழியைக் கேட்கக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கேட்டால், பிந்தி வந்தவன் என்றைக்கும் பிந்தியவனாகவே நிற்பான். அட்டை ஒன்றாக இருப்பதுதான் நியாயம். ஆனால் செஸ் விதியே ஒன்றை ஒப்புக்கொள்கிறது: இராஜா ஒருமுறை நகர்ந்து தன் கட்டத்துக்கே திரும்பினாலும் கோட்டை கட்டும் உரிமை போனது போனதுதான். காய்கள் அதே இடத்தில் நின்றாலும், விதி அதை அதே நிலையாகக் கொள்வதில்லை. "ஒரே இடம்தானே" என்று அன்று நான் சொன்னது சட்டம் சொல்லலாம். நஷ்டப்படாத நான் சொல்லியிருக்கக்கூடாது. அவர் சொன்னால் அது வேறு.

இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. அண்ணன்காரர் எங்கே என்று மட்டும் கேட்டேன்.

"கூடலூர் பக்கம். போன வருஷம் மவுத்தாகிட்டாரு" என்றார், என் வழக்கில். பிறகு இராஜா பக்கக் குதிரையைத் தூக்கி வைத்தார்.